காசிமேட்டில் மே மாதம் வருமானம் கேட்காதீர்கள்

சோசியாலஜி எப்படி சயின்ஸ் ஆகும், அதற்கு ஆய்வுக்கூடமே இல்லையே என்பார்கள். வானியலுக்கும்தான் இல்லை. இன்னொருவர் அதே வழியில் போய்ப் பார்த்து, "நீ சொன்னது தப்பு" என்று காட்ட இடம் இருக்கிறதா என்பதே என் அளவுகோல்.

சென்னை காசிமேட்டு மீனவக் குடும்பங்களின் வருமானத்தைக் கணக்கெடுப்பதாக வைத்துக்கொள்வோம். குடும்பம் எது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஒரே கதவு எண்ணில் அண்ணனும் தம்பியும் தனித்தனியாக உலை வைத்தால் அது இரண்டு குடும்பம்; சென்சஸிலும் பொதுச் சமையல்தான் கணக்கு. பட்டியலில் 4,000 குடும்பம் தேறினால் 400 போதும். 1 முதல் 10 வரை சீட்டுக் குலுக்கி ஓர் எண்ணை எடுத்து, அங்கிருந்து ஒவ்வொரு பத்தாவது குடும்பமாகப் போக வேண்டும்.

காரியம் கெடுவது வாசலில்தான். வீடு பூட்டியிருந்தால் அதற்குப் பதிலாகப் பக்கத்து வீட்டுக் கணக்கை எழுதிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அப்போது பகலில் ஆள் இருக்கும் வீடுகளே சேரும். கடலுக்குப் போனவரும் மீன் விற்கப் போன அம்மாவும் விடுபட்டுப் போவார்கள். அதே வீட்டுக்கு வேறு வேறு நேரத்தில் மூன்று தடவையாவது போயாக வேண்டும்.

"மாசம் எவ்ளோ வருது?" என்ற கேள்வியும் அங்கே செல்லாது. டீசல், ஐஸ் செலவு போக மிஞ்சியதில்தான் பங்கு. கடைசியாகக் கடலுக்குப் போனதில் கைக்கு என்ன வந்தது, அந்த மாதம் எத்தனை தடவை போனார் என்று பிரித்துக் கேட்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மே மாதத் தொகையைப் பன்னிரண்டால் பெருக்கினால் எல்லாம் பாழ்.

ஃபாரத்தோடு ஆள் வந்தாலே நிவாரணக் கணக்கு என்று நினைத்து வருமானத்தைக் குறைத்துச் சொல்வார்கள். அதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை. அமிலம், கேட்பது யாரென்று பார்த்துப் பதிலை மாற்றாது, மனிதர் மாற்றுவார். இந்தத் துறையின் நிஜமான சிரமம் இதுதான். அதனால் அரிசி, வாடகை, வட்டி என்று செலவையும் தனியாகக் கேட்டு, இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

பிரெஞ்சு சமூகவியலாளர் துர்கைம் 1897இல் வெளியிட்ட தற்கொலை ஆய்வில், கத்தோலிக்கரைவிட புராட்டஸ்டண்டுகளிடம் விகிதம் அதிகம் என்றார். கத்தோலிக்கப் பகுதிகளில் தற்கொலையை வேறு சாவாகப் பதிந்திருக்கலாமே என்று பின்னால் வந்தவர்கள் மடக்கினார்கள். அட்டவணைகளை அவர் அச்சிலேயே வைத்திருந்ததால்தான் அப்படிக் கேட்க முடிந்தது. நம்மூர் சர்வே அறிக்கைகளிலும் அந்த விவரம் வேண்டும்: கடைசிவரை கிடைக்காத வீடு எத்தனை, எந்த மாதம் கேட்டது, கேள்வி எந்த வார்த்தைகளில் இருந்தது.