பழைய சக் ஒன்றைப் புதுப்பிக்கிறேன்

பொழுதுபோக்காக லேத் வேலை செய்பவர்களின் குழு ஒன்றில் அண்மையில் சேர்ந்திருக்கிறேன். புதிய கருவி வாங்குவதைக் காட்டிலும் பழையதைக் கழற்றிச் சீர்செய்வதில்தான் தொழில் பிடிபடும் என்று அங்குள்ள அனுபவசாலிகள் சொன்னதை ஏற்று, துருவேறிக் கிடந்த மூன்று தாடை சக் ஒன்றை, அதாவது லேத்தில் கடையும் பொருளை இறுகப் பிடித்துச் சுழற்றும் பாகத்தை, கையில் எடுத்தேன்.

தாடைகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து பிரஷால் தேய்த்தபோது, பல்லிடுக்குகளில் இறுகியிருந்த கிரீஸும் இரும்புத்தூளும் கரிய குழம்பாக வெளியேறின. அதன் பிறகே பக்கவாட்டில் பொறித்திருந்த 1, 2, 3 என்ற எண்கள் தெரிந்தன. மூன்றின் பற்களும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும், உள்ளிருந்து தாடைகளை நகர்த்தும் சுருள்மரைக்கு ஏற்ப ஒவ்வொன்றிலும் சற்றே தள்ளி வெட்டப்பட்டிருப்பதால், வரிசை மாற்றிப் பொருத்தினால் தாடைகள் மையத்தில் ஒன்றுகூடமாட்டா.

ஆழமான துருவுக்குச் சலவை சோடா கரைசலில் மின்னாற்பகுப்பு நன்றாகவே பலன் தருகிறது. சீர்செய்யும் பாகத்தை எதிர்முனையிலும் சாதாரண இரும்புத் துண்டை நேர்முனையிலும் இணைக்க வேண்டும். நச்சுத்தன்மையுள்ள குரோமியம் சேர்மங்கள் உருவாகும் என்பதால் நேர்முனையில் எவர்சில்வரை ஒருபோதும் வைக்கக் கூடாது. ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் காற்றோட்டமான இடமும் அவசியம்.

லேத்தில் கருவிகளைச் செருகிப் பிடிக்க உதவும் மோர்ஸ் டேப்பர் கூம்புகளின் மேல் உப்புத்தாளைப் போட்டுத் தேய்ப்பதை நான் அறவே ஏற்பதில்லை. அந்தப் பரப்பின் துல்லியம்தான் அதன் பிடிமானமே.

அடுத்து, லேத்தில் உலோகத்தைச் செதுக்கும், மழுங்கிப்போன ஹை ஸ்பீடு ஸ்டீல் டூல் பிட்களைச் சாணை பிடிக்க வேண்டும். பித்தளைக்கு எந்தக் கோணத்தில் தீட்டுகிறீர்கள் என்று அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் மிகவும் உதவியாக இருக்கும்.