நாலாவது படி

"பாத்து ஏறுங்கண்ணா, நாலாவது படி இல்லீங்க."

காட்டுக்குள் பார்வைக் கோபுரத்தில் ஏறும்போது கூட வந்த தம்பி சொன்னார். படி இருந்த இடத்தில் ஒரு மூங்கிலைத் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டியிருந்தார்கள், அந்தக் கயிறும் மழையில் கறுத்து இற்றுக்கொண்டிருந்தது. கீழே டிக்கெட் கவுண்டருக்கு மட்டும் புது பெயின்ட்!

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களிலும் இதே கதைதான். தள்ளிப்போட்ட மராமத்து குவிந்துபோய், 2020இல் தனிச் சட்டமே போட்டு, எண்ணெய், எரிவாயு போன்ற வருமானத்திலிருந்து பூங்காக்களுக்கும் மற்ற பொது நிலங்களுக்குமாக ஆண்டுக்கு 190 கோடி டாலர் வரை, 5 ஆண்டுகளுக்கு ஒதுக்கினார்கள்.

எங்கள் சாளையில் ஒரு ஓடு உடைந்தப்போ, "அடுத்த மழைக்குப் பாத்துக்கலாம்" என்றார் அப்பாரு. மூணாவது மழையில் விட்டமே உளுத்துப்போச்சு.

சரி, இறங்கும்போது மேலிருந்து எண்ணினால் அது எத்தனையாவது படி என்று தம்பி சொல்லவே இல்லை.