'தி கேட் அண்ட் தி கேனரி': பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்த குறிப்புகள்

பால் லெனி இயக்கிய இந்த 1927 மௌனப் படத்தின் வெவ்வேறு வீட்டு வீடியோப் பிரதிகளை அடுத்தடுத்து ஓடவிட்டு, ஒரே காட்சி எதில் எப்படித் தெரிகிறது என்று பார்த்து வருகிறேன். படத்தின் பாதிப் பயமும் பாதிச் சிரிப்பும் இருட்டுக்குள் என்ன தெரிகிறது என்பதில்தான் இருக்கின்றன. மோசமான பிரதியில் இரண்டுமே போய்விடுகின்றன.

கதை எளிமையானது. சைரஸ் வெஸ்ட் என்ற செல்வந்தர் இறந்து 20 ஆண்டுகள் ஆன பிறகு, நள்ளிரவில் அவருடைய உயில் வாசிக்கப்படுகிறது. சொத்து அன்னபெல்லுக்கு (லாரா லா பிளான்ட்). ஆனால் அவள் புத்தி தெளிவாக இருக்கிறாள் என்று நிரூபிக்கப்பட வேண்டும். அப்படியானால் அவளைப் பயமுறுத்துவதில் யாருக்கோ லாபம் இருக்கிறது.

முதலில் எடுத்துக்கொண்டது, நகலுக்கு நகல் எடுத்துத் தயாரித்த ஒரு மலிவு விலை டிவிடி. அன்னபெல்லுக்குச் சொத்து இல்லையென்றால் அடுத்த வாரிசு யார் என்ற பெயரை வக்கீல் கிராஸ்பி சொல்ல வாயெடுக்கும் காட்சியில், அவருக்குப் பின்னால் சுவர் திறந்து ஒரு கை நீளும். இந்த டிவிடியில் அங்கே வெறும் கறுப்புதான். மனிதர் இருந்தார், பிறகு இல்லை, அவ்வளவே. மௌனப் பட வரலாற்றாளர் கெவின் பிரௌன்லோவின் ஃபோட்டோபிளே நிறுவனம் மீட்டெடுத்த பதிப்பில் சுவர் விலகுவது கண்ணுக்குத் தெரிகிறது. விரல்கள் வெளியே வருவதும் தெரிகிறது. அவருக்குத் தெரியாத ஆபத்து நமக்கு முன்பே தெரிந்துவிடுவதால்தான் நெஞ்சு படபடக்கிறது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 4கே தரத்தில் மீட்டெடுத்து, 2024-இல் பிரிட்டனின் யுரேகா வெளியிட்ட ப்ளூரே இன்னும் ஒரு படி மேல். வெள்ளைத் திரைச்சீலைகள் வரிசையாகக் காற்றில் பறக்கும் அந்த நீண்ட நடைபாதையில், ஒளிப்பதிவாளர் கில்பர்ட் வாரன்டனின் கேமரா நகரும்போது துணியின் மடிப்புகள்கூடத் தனித்தனியாகத் தெரிகின்றன. இந்த ஒரு ஷாட்டுக்காகவே வாங்கலாம்.

வாங்குவோர் கவனிக்க: ஒரு மண்டலத்துக்கான வட்டு வேறு மண்டலத்தின் பிளேயரில் ஓடாமல் போகலாம். ப்ளூரேக்கு இந்தியா 'சி' மண்டலம், பிரிட்டன் 'பி' மண்டலம். மண்டலத் தடை இல்லாத பிளேயர் வைத்திருப்பது நல்லது.

அடுத்து, பேச்சை எழுத்தில் காட்டும் வசன அட்டைகள். விஎல்சி என்ற வீடியோ செயலியில் 'இ' (E) விசையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தினேன். பயந்தவர் பேசும்போது எழுத்துகளும் நடுங்குகின்றன, சில இடங்களில் பெரிதாகின்றன. வசனத்தை நடிகரைப் போலவே நடிக்க வைத்திருக்கிறார் லெனி. ஜெர்மனியில் அரங்க வடிவமைப்பாளராக இருந்தவரின் கைவண்ணம் இதிலும் தெரிகிறது. தூசியைத் துடைத்துப் படத்தின் பெயரைக் காட்டும் தொடக்கக் கையைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

இசையில் இன்னும் என் மனம் ஒரு பக்கம் சாயவில்லை. மலிவு டிவிடியில் காட்சிக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு பியானோ ஓடிக்கொண்டே இருக்கிறது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஃபோட்டோபிளே பதிப்புக்கு நீல் பிராண்ட் புதிதாக இசையமைத்திருக்கிறார். ப்ளூரேயில், எந்தக் காட்சிக்கு எந்த இசை என்று 1927 வெளியீட்டின்போது தரப்பட்ட இசைக் குறிப்புப் பட்டியலை ஒட்டிய ராபர்ட் இஸ்ரேலின் இசை. தூங்கும் அன்னபெல்லின் கழுத்துமாலையை நோக்கிச் சுவரிலிருந்து கை இறங்கும் காட்சியை ஒலியே இல்லாமலும் பார்த்தேன். அப்போதும் பயமாகவே இருந்தது. ஆனால் நடிகர் கிரைட்டன் ஹேல் தடுமாறும் நகைச்சுவைக் காட்சிகளுக்கு இசையின் துணை கட்டாயம் வேண்டும். மௌனத்தில் அவை இழுவையாகிவிடுகின்றன. பயம் தன் காலில் நிற்கிறது, சிரிப்புக்குத்தான் தாளம் தேவைப்படுகிறது என்பது இப்போதைய என் முடிவு.

இதைச் சரிபார்க்க அடுத்து எடுக்கப்போவது லெனியின் கடைசிப் படமான 'தி லாஸ்ட் வார்னிங்'. 1929-இல் 44 வயதில் அவர் இறந்துவிட்டார். அதிலும் லாரா லா பிளான்ட்தான் நாயகி. பேய் வீட்டுக்குப் பதில் ஒரு நாடக அரங்கம். ஃபிளிக்கர் ஆலி வெளியிட்ட ப்ளூரே கைக்கு வந்ததும் முதல் முறை ஒலியை அணைத்துவிட்டே பார்க்கப்போகிறேன்.