ஜார்ஜ்டவுன் சந்தில் 37 புள்ளிக் கோலம்

பினாங்குக்கு வருகிறவர்கள் ஆர்மேனியன் தெருவில் 2012இல் வரைந்த சைக்கிள் சுவரோவியத்தின் முன்னால் வரிசை பிடிப்பார்கள். அங்கிருந்து லிட்டில் இந்தியா நடை தூரம்தான். கடைவீடுகளின் பின்சந்துகளில் இன்னொரு ஓவியத்துக்கும் இடமுண்டு: காய்கறி நாற்றால் போடும் புள்ளிக் கோலம்.

முதலில் வெயிலைப் பாருங்கள். கடைவீடுகளின் முன்னால் கூரைக்குக் கீழே ஓடும் ஐந்தடி நடைபாதை அழகுதான், ஆனால் நிழல். நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் நேர்வெயில் படாத செங்கீரை சிவப்பு மங்கிப் பச்சையடிக்கும். கோலமே கலைந்தது போலாகிவிடும். இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பகல் 1:20 வாக்கில். ஏப்ரல் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை உச்சிவெயில் சற்று வடக்கே சாய்ந்திருக்கும், மற்ற மாதங்களில் தெற்கே. ஜனவரியில் பார்த்து வைத்த இடம் ஜூனில் நிழலாகிவிடலாம்.

கோலம் இடைப்புள்ளி, 7–4. நடுவில் 1, சுற்றி 6, அடுத்து 12, வெளியே 18. புள்ளிக்கு ஒரு 15 செ.மீ. தொட்டி. மையத்துக்கு மையம் 20 செ.மீ. விட்டால் 1.35 மீட்டர் அகலத்தில் அடங்கும். நடுவில் சிலி பாடி என்ற சிறு மிளகாய், 6இலும் 18இலும் செங்கீரை, 12இல் சாவி என்ற கடுகுக் கீரை. பாத்தியில் நட்டால் பட்டுப்போன இடம் பொக்கையாகத் தெரியும். தொட்டியென்றால் அதை மட்டும் மாற்றலாம். 45 நாற்றாவது கையில் இருக்கட்டும். மிளகாய் மெதுவாக வளரும், அதை ஒரு மாதம் முன்பே விதைக்க வேண்டும்.

கலவைக்குத் தேங்காய் நார்த்தூள் 2 பங்கு, மக்கிய உரம் 1, உமிக்கரி 1. நார்த்தூளைக் கழுவாவிட்டால் அதிலுள்ள உப்பு இலை நுனியைக் கருக்கும். மூன்று நான்கு இலை விட்டதும், மாலையில், வேர்க்கட்டி உடையாமல் நடுங்கள். கீரையின் ஆணிவேர் அறுந்தால் வளராமலேயே பூத்துவிடும்.

தண்டு மண்ணோரத்தில் நைந்து சாய்ந்தால் நாற்றழுகல். மாலையில் ஊற்றும் தண்ணீர் இரவெல்லாம் தேங்குவதுதான் பெரும்பாலும் காரணம்; காலையில் ஊற்றுங்கள். அடித்தட்டு வைக்கவே வேண்டாம். அதில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் மலேசியாவின் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சி ஒழிப்புச் சட்டப்படி அபராதம் வரும். பழைய சுண்ணாம்புச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், ஈரம் ஏறினால் பூச்சு உதிரும்.

செங்கீரை சாவியை முந்தி வளர்ந்து உள்வட்டங்களை மறைக்கும். 15 செ.மீ. உயரத்தில் நுனியைக் கிள்ளிக்கொண்டே இருங்கள், கிள்ளியது பொரியலுக்கு. சாவி நாலு வாரத்தில் பறிப்புக்கு வந்துவிடும். ஆகவே நட்ட இரண்டாவது வாரமே அடுத்த 12க்கு விதை போட்டுவிட வேண்டும்.