ஜெயிக்கும் எண்ணத்தை ஒதுக்கிவைத்து ஆடியபோது

வேலையில் பட்ஜெட், சரக்கு, ஆட்கள் என்று பொறுப்பு கூடிக்கொண்டே போனது. நிர்வாகப் படிப்புக்கு மறுபடி போய் உட்கார நேரமில்லை. சிமுலேஷன் விளையாட்டுகளில் பழகிப் பார்க்கலாமே என்று இறங்கினேன். முதலில் கம்ப்யூட்டரில் கம்பெனி நடத்தும் 'கேப்பிடலிசம் 2', அப்புறம் ரயில், லாரி ஓட்டிப் போக்குவரத்துக் கம்பெனி வளர்க்கும் 'ஓப்பன் டிடிடி', பிறகு ஒரு பயிற்சி வகுப்பில், ஆலையிலிருந்து கடைவரை பியர் போய்ச் சேருவதை ஆடிப் பார்க்கும் 'பியர் கேம்'. எந்த விளையாட்டு நல்லது என்று கேட்கிறவர்களிடம், எதுவானாலும் சரி, என்ன மனநிலையில் உட்காருகிறீர்கள் என்பதைத்தான் முதலில் பாருங்கள் என்கிறேன்.

விளையாடிப் பழகிய எல்லாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. நஷ்டம் வந்தால் பழைய சேவ் கோப்பைத் திறந்து, முடிவை மாற்றி, மறுபடி ஓடுவது. பொழுதுபோக்கு என்றால் தப்பே இல்லை. கற்றுக்கொள்ள வந்தவருக்கு அது ஆகாது. கடைசியில் திரையில் பெரிய கம்பெனி நிற்கும், அது எப்படி வளர்ந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதனால் எனக்கு நானே இரண்டு விதிகள் வைத்துக்கொண்டேன். பின்னால் போகக் கூடாது. ஒரு முடிவை எடுக்கும் முன்னால் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுத வேண்டும்: என்ன செய்யப் போகிறேன், என்ன நடக்கும் என்று நினைக்கிறேன், ஏன் அப்படி நினைக்கிறேன்.

அந்த 'ஏன்' இருக்கிறதே, அதுதான் பாடம் நடத்தும். 'கேப்பிடலிசம் 2'-ல் ஒரு கடை என்பது ஒன்பது கட்டங்கள். கொள்முதல், விற்பனை, விளம்பரம் என்று அவற்றில் பிரிவுகளை வைத்து இணைக்க வேண்டும். வாங்குபவர் ஒரு பொருளை விலை, தரம், பிராண்ட் என்ற மூன்றாலும் எடை போடுவார். எதற்கு எவ்வளவு எடை என்பது பொருளுக்குப் பொருள் மாறும். ஒருமுறை விலையைக் குறைத்துவிட்டு, 'விற்பனை நன்றாக ஏறும், இந்தப் பொருளில் ஜனங்கள் விலையைத்தான் பார்க்கிறார்கள்' என்று எழுதிவைத்தேன். விற்பனை அசையவே இல்லை. தோண்டிப் பார்த்தால் கேட்பவர்கள் முன்பே வரிசையில்தான் நின்றிருக்கிறார்கள், கொள்முதலில் வரத்து போதவில்லை. விலையைக் குறைத்ததில் லாபம் இறங்கியதுதான் மிச்சம். தாளில் எழுதாமல் இருந்திருந்தால், 'விளம்பரம் பத்தவில்லை' என்று இன்னொரு கதை கட்டிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பேன்.

இதைவிட ஏமாற்றுவது, கணிப்பு பலித்து காரணம் பொய்யாவது. இன்னொரு பொருளில் விற்பனை நான் சொன்னபடியே ஏறியது. ஆனால் போட்டிக் கம்பெனி தன் கடையை மூடிவிட்டிருந்தது. ஜெயிப்பதற்காக ஆடுபவர் இந்த இடத்தில் நின்று பார்க்க மாட்டார்.

'பியர் கேம்' வேறு ரகம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில், ஸ்லோன் மேலாண்மைப் பள்ளியில் 1960-களில் உருவானது. கம்ப்யூட்டரே வேண்டாம், ஒரு நீளமான மேசையும் காகிதச் சீட்டுகளும் போதும். சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என்று நான்கு பேர் வரிசையாக உட்காருவார்கள். பேசக் கூடாது. ஒவ்வொரு சுற்றும் ஒரு வாரம் என்று கணக்கு. வாரத்துக்கு ஒரு ஆர்டர் சீட்டைக் கவிழ்த்துப் பக்கத்தில் தள்ளலாம், அவ்வளவுதான். ஆர்டர் போய்ச் சேரவும் சரக்கு வந்து சேரவும் வாரங்கள் ஆகும். பியர் பெட்டி தேங்கினால் செலவு, தட்டுப்பாடு வந்தால் அதைப் போல இரண்டு மடங்கு.

நான் மொத்த வியாபாரி. முதல் சில வாரங்கள் நிம்மதியாகப் போயின. பிறகு என் பக்கம் வந்த சீட்டுகளில் எண்கள் ஏறத் தொடங்கின. கையில் இருப்பு தீர்ந்தது, நான் கொடுக்க வேண்டிய சரக்கு பாக்கி ஏறியது. நான் கூட்டி ஆர்டர் போட்டேன், எனக்கு அடுத்தவர் இன்னும் கூட்டிப் போட்டார். கொஞ்ச வாரங்கள் கழித்து, போட்ட சரக்கெல்லாம் ஒரே சமயத்தில் வந்து இறங்கியது. மேசை முழுக்கப் பெட்டிகள், ஆர்டர் போட ஒருவருக்கும் மனமில்லை. ஆலையில் இருந்தவர் எங்களைப் பார்த்த பார்வையில் மரியாதை சுத்தமாக இல்லை.

முடிந்ததும் ஆட்டத்தை நடத்தியவர் எங்களிடம் கேட்டது: வாடிக்கையாளர் வாங்கிய அளவு எப்படி இருந்திருக்கும், வரைந்து காட்டுங்கள். சில்லறைக் கடைக்காரரைத் தவிர எல்லாரும் அலை வரைந்தோம். உண்மையான கணக்கு இதுதான்: முதலில் வாரம் 4 பெட்டி, ஐந்தாவது வாரத்தில் 8, அதன்பின் கடைசிவரை 8. அலையைக் கிளப்பியது மேசையில் இருந்த நாங்கள்தான், வழியில் வந்துகொண்டிருந்த சரக்கைக் கணக்கில் எடுக்காமல். ஆட்டம் 50 வாரம் என்று சொல்லிவிட்டு 36-ல் நிறுத்துவதும் வழக்கம். முடிவு தெரிந்தால் கடைசி வாரங்களில் எல்லாரும் இருப்பைத் துடைத்துப் போட்டு மதிப்பெண் தேற்றுவார்களாம். ஜெயிக்கும் ஆசையை விளையாட்டை அமைத்தவர்களே எதிர்பார்த்திருக்கிறார்கள்! ஆடியதைவிட, ஆடி முடித்துப் பேசிய நேரத்தில்தான் எனக்கு அதிகம் கிடைத்தது. பேச்சைத் தவிர்த்துவிட்டு எழுந்துபோகிறவர்கள் பாதி வகுப்பை விட்டுவிடுகிறார்கள்.

'ஓப்பன் டிடிடி' பற்றிச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ரயில் வாங்கும் பணம் உடனே போய்விடும், வருமானம் சரக்கு இறங்கும்போதுதான் வரும். லாபகரமான பாதையைத் திறந்துவிட்டு, இடைப்பட்ட மாதங்களில் கையில் காசில்லாமல் தவிப்பது எப்படி என்று அதில் அனுபவித்துத் தெரிந்துகொள்ளலாம்.

சரி, எல்லாவற்றையும் நம்பிவிட முடியுமா? முடியாது. அங்கே ரயில் ஓட்டுநர் லீவு கேட்பதில்லை, கோபித்துக்கொண்டு வேலையை விடுவதில்லை. ஆட்களோடு ஒத்துப்போவதை அந்தத் திரை எனக்குக் கற்றுத்தரவே இல்லை. தூரமான சுரங்கத்திலிருந்து நிலக்கரி ஏற்றினால் அதில் காசு கொட்டும் என்பது பெரும்பாலும் அந்த விளையாட்டின் சூத்திரம். ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் இது தொழிலின் விதியா, இந்த விளையாட்டின் விதியா என்று தாளின் ஓரத்தில் குறித்துவைக்கிறேன். இரண்டாவது வகைதான் நிறைய.

அந்தத் தாள் இப்போது அலுவலக மேசைக்கும் வந்துவிட்டது. மூன்று பத்திகள் இருந்த இடத்தில் நான்காவதாக ஒன்று சேர்த்திருக்கிறேன்: ஆர்டர் போட்டு இன்னும் வந்து சேராத சரக்கு.