தடைக்காலத்து நாட்குறிப்பு

ஏப்ரல் 17, 2025
வடகடல் ஓரம் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கின்றன. அண்ணன் மகனுக்கு இனி ஜூன் 14 வரை கடல் இல்லை. மீன்பிடித் தடை மொத்தம் 61 நாள். கல்லூரியில் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடியவன். அடிபடாமல் உருளக் கற்றுக்கொடு என்றேன். "காலையில அஞ்சரைக்கு வாங்க அத்தை" என்றான், அவ்வளவுதான். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மா விழுந்த அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 18
முதலில் மணலில் கிடந்த கருவேல முள்ளைப் பொறுக்கினோம். அப்புறம் தார்ப்பாய் விரித்தோம். இன்றைக்கு உருளவே விடவில்லை. மல்லாந்து படுத்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, முன்னும் பின்னுமாக ஆடச் சொன்னான். முதுகெலும்பு கணுக்கணுவாகத் தரையில் படவேண்டும். எனக்குப் பலகை மாதிரி ஒரே அடியாகப் பட்டது. "தாடையை நெஞ்சோட ஒட்டுங்க அத்தை." இருபது தடவையாவது சொல்லியிருப்பான்.

ஏப்ரல் 19
கழுத்து வலி.

ஏப்ரல் 23
அம்மா வாக்கரில் பதினெட்டு அடி நடந்தாள். கண் முழுக்கத் தரையில்தான். 2022 டிசம்பரில் நின்ற ரயில் இந்த மாதம் 6ஆம் தேதியிலிருந்து புதுப் பாம்பன் பாலத்தில் ஓடுகிறது. கட்டிலில் கிடந்தபடியே சத்தத்தைக் கேட்டுவிட்டு, "பாம்பன் தாண்டிருச்சு" என்கிறாள்.

டாக்டர் சொன்னது: சம்மணம் கூடாது, குந்தக் கூடாது, மணையில் உட்காரக் கூடாது. பந்துக்கிண்ண மூட்டை மாற்றிய இடுப்பு அதிகம் மடங்கினால் நழுவிவிடலாம். சரிதான். ஆனால் அரிவாள்மணையில் மீன் அரிந்தது, கோலம் போட்டது, கருவாடு காயப்போட்டது, எங்களைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டியது எல்லாம் தரையில். அறுபது வருடம் புழங்கிய தரையை ஒரே நாளில் பகையாக்கிக்கொள் என்றால் அவள் என்ன செய்வாள்?

ஏப்ரல் 28
தோள் உருளல். இன்று முழுக்க இதுதான்.

வலது கையை வளைத்து உள்பக்கம் திருப்பி ஊன்ற வேண்டும். கை, முழங்கை, தோள், அங்கிருந்து முதுகில் குறுக்காக இடது இடுப்பு வரை போக வேண்டும். தலை தரையில் படவே கூடாது. முகத்தை இடது பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். நேராக முதுகெலும்பின் மேல் உருண்டால் அடி முழுவதும் எலும்பில் விழும். குறுக்கே போனால் சதை வாங்கிக்கொள்ளும். விழுகிற வேகத்தை ஒரே இடத்தில் நிற்க விடாமல் உடம்பு முழுக்கப் பிரித்துக் கொடுப்பதுதான் இதில் வித்தை. அம்மா விழுந்தபோது அடி முழுவதும் ஒரே இடத்தில் இறங்கியது. இடது இடுப்பு.

மணல் வேகத்தைக் குடித்துவிடுகிறது, பாதியிலேயே நின்றுபோகிறேன். தண்ணீர் ஓரத்து ஈரமணல் இறுகியிருந்ததால் அங்கே நன்றாக வந்தது. ஒன்பதாவது தடவை உருண்ட வேகத்திலேயே எழுந்து நின்றேன். கை ஊன்றவில்லை. அண்ணன் மகன் விசில் அடித்தான். எனக்கு அழுகை வந்தது.

இடது பக்கம் வரவில்லை.

மே 4
கத்திரி தொடங்கிவிட்டது. ஆறரைக்கே வெயில். மூன்று உருளலுக்கு மேல் தலை சுற்றுகிறது. காதுக்குள் இருக்கும் குழல்களில் திரவம், நாம் நின்ற பிறகும் ஓடிக்கொண்டிருக்குமாம். எழுந்ததும் ஒரே இடத்தைப் பார்க்கச் சொன்னான். தூரத்தில் ஒரு படகின் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

மே 9
தண்ணீர்க் குடத்தோடு போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். "இந்த வயசுல எதுக்கும்மா?" என்றாள் ஒருத்தி. இந்த வயசு என்பதால்தான் என்றேன். மதினி வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. சுடுதண்ணீர் மட்டும் வைத்துக் கொடுத்தாள்.

மே 16
காம்பவுண்டுச் சுவரில் காலால் ஏறி, கையில் நின்றேன். பத்து எண்ணும் வரை. விரல்களை விரித்து வைத்தால் விரல் நுனிதான் பிரேக். முன்னால் சாயும்போது நுனியை அழுத்த வேண்டும்.

மணிக்கட்டு இரண்டும் எரிகின்றன. தசை சீக்கிரம் பழகிவிடும், தசையை எலும்போடு கட்டும் தசைநாண் பழக மாதக்கணக்கில் ஆகும். மூன்று நாள் ஓய்வு. பொறுக்க முடியவில்லை.

மே 17
ஓய்வு.

மே 24
ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா தனியாக எழுந்துவிட்டாள். வாக்கர் கட்டிலோரம் அப்படியே நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நின்றவளின் இடுப்பை நான் பிடித்தபோது உடம்பு நடுங்கியது. "கோபப்படாத" என்றாள். எனக்குக் கோபம் இல்லை. எத்தனை தடவை உருண்டு பழகினாலும் அவள் விழும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இல்லையே. விடியும் வரை தூங்கவில்லை. காலையில் போகவில்லை.

மே 25
போகவில்லை.

ஜூன் 2
கச்சான் காற்று. தென்கடல் இரைவது இங்கே வரை கேட்கிறது, வடகடல் தட்டு மாதிரி கிடக்கிறது. கார்ட்வீல், அதாவது கை ஊன்றிப் பக்கவாட்டில் சக்கரமாகச் சுழல்வது, இன்று தொடங்கினோம். கை, கை, கால், கால். வாயால் சொல்லிக்கொண்டே செய்தால் வருகிறது.

இடது தோள் உருளல்: கை வைக்கிறேன், தலை குனிகிறேன், அங்கேயே நின்றுவிடுகிறேன். பதினொரு தடவை.

ஜூன் 7
பிசியோ தம்பியிடம் கேட்டேன், அம்மா தரையில் இருக்க நேர்ந்தால் எழுவது எப்படி என்று. உடனே பழக்க வேண்டாம், டாக்டர் சரி என்றதும் பார்க்கலாம் என்றார். என்னை வைத்துக் காட்டினார். நல்ல பக்கம் திரும்பி, நாலு காலில் வந்து, நாற்காலியைப் பிடித்து, நல்ல காலை முன்னால் ஊன்றி எழ வேண்டும். அம்மா கட்டிலில் இருந்து ஒரு அசைவு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 8
கரடி நடை, நண்டு நடை. கால் கிலோமீட்டர். இடது பக்கம் முயலவே இல்லை.

ஜூன் 12
படகுக்கு டீசல் பிடிக்கப் போய்விட்டான். தனியாகச் செய்தேன். வலது பக்கம் ஆறு.

ஜூன் 13
சாயங்காலம் அம்மாவை நாற்காலியோடு முற்றத்துக்குக் கொண்டுவந்தோம். பார்க்க வேண்டும் என்று அவளே கேட்டாள். பாய் விரித்தேன். வலது பக்கம் உருண்டு எழுந்து நின்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"அந்தப் பக்கம்?" என்றாள்.