வெண்டாரிடமிருந்து நெட்வொர்க்கைத் திரும்ப வாங்கும்போது

ஃபயர்வால், ஸ்விட்ச், ஆன்டிவைரஸ் எல்லாவற்றையும் வெளி நிறுவனத்திடம் (வெண்டாரிடம்) விட்டிருந்த அலுவலகம் ‘இனி நாமே பார்த்துக்கொள்வோம்’ என்று முடிவெடுத்தால், உடனே ஆள் தேடத் தொடங்கிவிடுகிறது. அதற்கு முன், எந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ஒப்பந்தத்தை நிறுத்தும் கடிதம் போவதற்குள் இது முடிந்திருக்க வேண்டும். கடிதம் போய்விட்டால், அதுவரை அரை மணியில் வந்த பதிலுக்கு அரை வாரம் காத்திருக்க நேரும்.

டொமைன் வெண்டாரின் மெயில் ஐடியில் பதிவாகியிருந்தால் இணையதளமும் மெயிலும் அவர்கள் பிடியில்தான். டாட் காம் டொமைனில் உரிமையாளர் விவரத்தை முதலில் மாற்றினால், வேறு ரிஜிஸ்ட்ராருக்கு (டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனத்துக்கு) கொண்டுபோக 60 நாள் பூட்டு விழக்கூடும். அதனால் இடம் மாற்றிவிட்டுப் பெயரை மாற்றுங்கள். ஃபயர்வாலுக்கும் இதே கதைதான். பெட்டி உங்கள் ரேக்கில் இருக்கும். லைசென்ஸும் சப்போர்ட்டும் வெண்டாரின் கணக்கில் இருந்தால் அப்டேட் வாங்கக்கூட அவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஸ்டேட்டிக் ஐபி (மாறாத இணைய முகவரி), இணையதளத்தின் எஸ்எஸ்எல் சான்றிதழ், பேக்கப்பைத் திறக்கும் என்கிரிப்ஷன் கீ ஆகியவற்றையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

கருவிகளின் அமைப்புகள் அடங்கிய கான்ஃபிக் ஃபைல் கைக்கு வந்ததும் நிம்மதியாகிவிட வேண்டாம். பாஸ்வேர்டு போட்டு எடுத்த பேக்கப், அந்தப் பாஸ்வேர்டு இல்லாமல் எதற்கும் உதவாது. சிஸ்கோ ஸ்விட்ச்சில் ரன்னிங் கான்ஃபிக்கையும் (இப்போது ஓடுவது) ஸ்டார்ட்அப் கான்ஃபிக்கையும் (சேமித்து வைத்தது) ஒப்பிடுங்கள். சேமிக்காமல் விட்ட மாற்றம் இருந்தால், கரண்ட் போய் வந்ததும் ஏதோ ஒரு போர்ட்டின் விலான் (நெட்வொர்க்கின் உட்பிரிவு) அமைப்பு காணாமல் போயிருக்கும். காரணம் தேடியே ஒரு நாள் போகும். உதிரிப் பெட்டி ஒன்றில் ஒருமுறையாவது ரீஸ்டோர் செய்து பாருங்கள்.

அதிகம் சறுக்குவது வெண்டாரின் அட்மின் கணக்கை அழிக்கும் இடத்தில். பேக்கப் ஜாபும் ஸ்கேனரின் மெயிலும் அந்தக் கணக்கிலேயே ஓடிக்கொண்டிருக்கும். முதலில் முடக்கி, மாதக் கடைசி வேலைகள் ஒரு சுற்று முடிந்தபின் அழியுங்கள். ஃபயர்வால் ரூல்களையும் இப்படித்தான் களைய வேண்டும். விபிஎன் ப்ரீஷேர்ட் கீ, ரேடியஸ் சீக்ரெட், எஸ்என்எம்பி கம்யூனிட்டி என்று கருவிகள் தங்களுக்குள் பகிரும் ரகசியச் சொற்கள் எல்லாம் மாற வேண்டும். விண்டோஸ் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியில், லாகின் டிக்கெட்டுகளுக்கு ஆதாரமான கேஆர்பிடிஜிடி கணக்கின் பாஸ்வேர்டை இரண்டு முறை மாற்றுங்கள், இடையில் குறைந்தது 10 மணி நேரம் விட்டு. மைக்ரோசாஃப்ட் 365-இல் பாஸ்வேர்டு மாற்றினால் மட்டும் போதாது. பார்ட்னர் என்ற முறையில் வெண்டாருக்குக் கொடுத்த அனுமதி தனியாக நிற்கும், அதைத் தனியாக எடுக்க வேண்டும்.

வெண்டார் தொலைவிலிருந்து நிர்வகிக்க நிறுவிய ஏஜென்ட் மென்பொருள் ஒரு கணினியில்கூட மிஞ்சக்கூடாது. 2021 ஜூலையில் கசேயா என்ற இத்தகைய நிர்வாகக் கருவி வழியாக, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் பரவியபோது, சுவீடனின் கூப் என்ற சூப்பர்மார்க்கெட் நிறுவனம் சுமார் 800 கடைகளை மூட நேர்ந்தது. கூப் அந்தக் கருவியை நேரடியாக வாங்கியிருக்கவில்லை. பில் இயந்திரங்களைப் பராமரித்த நிறுவனம் வைத்திருந்தது. கணினியில் தாக்குதலைக் கண்டுபிடிக்கும் இடிஆர் ஏஜென்டுக்கு அன்இன்ஸ்டால் பாஸ்வேர்டு உண்டு. வெண்டார் தன் கன்சோலை மூடுவதற்குள் அதை வாங்கிவிடுங்கள்; விட்டால் ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து போராட வேண்டியதுதான்.

லாக்குகளையும் (கருவிகளின் நடவடிக்கைப் பதிவுகள்) அப்போதே எடுத்துவிடுங்கள். இந்தியாவில் செர்ட்-இன் என்ற அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2022 ஏப்ரலில் இட்ட உத்தரவின்படி 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும். வெண்டாரின் சர்வரில் கிடப்பது ஒப்பந்தம் முடிந்ததும் அழிந்துபோகலாம்.

எத்தனை ஆள் வேண்டும் என்ற கணக்கு கடைசியில் வரட்டும். வாரத்துக்கு 168 மணி நேரம். ஆளுக்கு 40 மணி என்றால் ஒரே ஒரு நாற்காலியை இரவு பகலாக நிரப்பவே 4.2 பேர், விடுப்பையும் சேர்த்தால் 5 பேருக்குக் குறையாது. நடுத்தர நிறுவனம் இதற்கு முயல வேண்டாம் என்பதே என் கருத்து. இரவுக் கண்காணிப்பு வெளியிலேயே இருக்கட்டும்; அவர்களுக்கு லாக்கைப் பார்க்கவும் ஒரு கணினியை நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்கவும் மட்டும் அனுமதி கொடுங்கள். நள்ளிரவு 2 மணிக்கு அவர்கள் அழைத்தால் எடுக்க உங்கள் பக்கம் இரண்டு பேரின் பெயர் எழுதியிருக்க வேண்டும். பாதுகாப்புச் சம்பவம் தெரிந்ததிலிருந்து 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டியது உங்கள் நிறுவனம்தான்.